பதினோராவது பாட்டு

ஸ்கார்பரோவில் இருக்கிற என் மாமா மகன் போன வருடம் வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினான். புதிதாக வாங்கிய இசைத்தட்டுகளைச் சுவரோடு சாத்தி வரிசையாக வைத்திருந்தான். கோர்ன், டெஃப்டோன்ஸ், ஸ்லிப்நொட், லிங்கின் பார்க், எல்லாம் அமெரிக்க ரொக் குழுக்கள். கீழே ஒரு வரி: "எங்கட காலத்தை எல்லாரும் காசு குடுத்துத் திரும்ப வாங்கினம் மச்சான்." அந்த நேரம் எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. எல்லாம் பதினாறு, பதினேழு வயதில் எங்கள் மண்டைக்குள் இருந்த பெயர்கள். ஆனால் இரண்டொரு நாள் போன பிறகு அந்த வரி உறுத்தத் தொடங்கியது. அவன் சொல்கிற காலத்துக்குள் நான் இருக்கிறேனா? அவன் ரொறன்ரோவில் பஸ்ஸில் ஹெட்ஃபோன் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போன அதே வருடங்களில்தான் நானும் திருகோணமலையில் அதே பாட்டுகளைக் கேட்டேன். பாட்டுகள் ஒன்றுதான். கேட்டது ஒன்றா என்பதுதான் கேள்வி.

அவன் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. 1994இல் கோர்னின் முதல் அல்பத்தோடு உருவம் எடுத்த நூ-மெட்டல் (கனத்த கிற்றாரும் ராப்பும் கத்தலும் கலந்த ரொக்), 2000ஐ ஒட்டிய சில வருடங்களில் உச்சிக்குப் போய், அதே வேகத்தில் விமர்சகர்களின் ஏளனத்துக்கும் ஆளாகி ஒதுங்கியது. அது விற்றதெல்லாம் சிடியாக. இசைத்தட்டு என்ற பொருள் பெரிய கடைகளில் இருந்து ஏறத்தாழ மறைந்துபோயிருந்த காலம் அது. இப்போது அமெரிக்காவில் தட்டு சிடியை முந்திவிட்டது. 2022இல் அங்கே 4 கோடி 10 இலட்சம் தட்டுகள் போயின, சிடி 3 கோடி 30 இலட்சம்தான். எண்ணிக்கையில் தட்டு முன்னுக்கு வந்தது 1987க்குப் பிறகு அதுதான் முதல் தடவை. அந்த அலையில் இந்த அல்பங்களும் ஏறிவிட்டன. லிங்கின் பார்க்கின் முதல் அல்பமான ஹைபிரிட் தியரிக்கு 2020இல் இருபதாம் ஆண்டுப் பெட்டி வந்தது. 2023இல் இன்னொரு அல்பமான மெட்டியோராவுக்கும் அப்படியே, குழுவின் பாடகர் செஸ்டர் பெனிங்டன் பாடி வெளிவராமல் கிடந்த பாட்டோடு. அவர் இறந்து அப்போது ஏறத்தாழ ஆறு வருடமாகியிருந்தது. அதே 2023 மே மாதம் லாஸ் வேகாஸில் சிஸ்டம் ஒஃப் எ டவுன், கோர்ன், டெஃப்டோன்ஸ் எல்லாரும் ஒரே நாளில் ஏறிய பெரிய விழா நடந்தது.

ஒன்றை யோசித்துப் பாருங்கள். 2000இல் கலிஃபோர்னியாவில் இருந்த பதினாறு வயதுப் பிள்ளையிடமும் இது தட்டாக இருந்ததில்லை. அவனும் சிடியில்தான் கேட்டான். இப்போது நாற்பது வயதில் வர்ணத் தட்டாக வாங்கி வைத்து அதைத் தன் இளமை என்கிறான். தன்னிடம் ஒருபோதும் இல்லாத ஒரு பொருளை ஞாபகப் பொருளாக வாங்குகிறான். முதலில் இதுதான் எனக்குப் பிடிக்காமல் இருந்தது. ஒரு கம்பனி உட்கார்ந்து யோசித்து எங்களுக்கெல்லாம் ஒரு ஞாபகத்தைச் செய்து விற்கிறது என்று நினைத்தேன். அதிலும் ஒரு தட்டு முப்பது டொலர் அளவில். 2022க்குப் பிறகு எங்கள் காசில் அது ஒன்பதாயிரம், பத்தாயிரம் ரூபாய். அந்தக் காசுக்கு இங்கே ஒரு வீட்டில் எத்தனை நாள் உலை கொதிக்கும் என்று கணக்குப் போடாமல் இருக்க முடியவில்லை.

அந்த எண்ணம் மாறியது. எப்படி மாறியது என்று சொல்ல, அந்த இசை எங்களிடம் வந்த விதத்தைக் கொஞ்சம் சொல்லவேண்டும்.

வந்ததும் வராததும்

2002 பெப்ரவரியில் போர்நிறுத்த ஒப்பந்தம் வந்ததும் வெளிநாட்டுச் சொந்தக்காரர்கள் வரத் தொடங்கினார்கள். திருகோணமலையில் இருந்த எல்லாருக்கும் அந்த வருடம் ஞாபகம் இருக்கும். கோணேசர் கோயிலுக்குப் போகிற வழியெல்லாம் அரைக் காற்சட்டை போட்ட பெரியப்பாமார். சொக்லேட், வாசனைத் தைலம், கமெரா. மாமா மகன் கொண்டு வந்தது ஒரு சிடிப் பை. அதற்குள் பிளாஸ்ரிக் உறைகளில் வெறும் சிடிகள் மட்டும். பெட்டிகளையும் அட்டைப் புத்தகங்களையும் பாரம் என்று கனடாவிலேயே விட்டுவிட்டான். அந்தப் பையில் இருந்து என் நண்பன் ஒருவன் ஐந்தாறு சிடியை எடுத்துக்கொண்டுபோய் டவுனில் ஒரு ரெக்கோடிங் பாரில் பிரதி அடித்தான். அங்கேதான் எங்கள் தொகுப்பு பிறந்தது. ஒரு வெற்று சிடியில் எண்பது நிமிடம் கொள்ளும். அதற்குள் ஐந்தாறு அல்பங்களில் இருந்து நல்லதைப் பொறுக்கிப் போடவேண்டும். பொறுக்கியவர் அந்தக் கடையில் இருந்த அண்ணன். அவருடைய அளவுகோல் நேர்மையானது: குரல் இருக்கவேண்டும், உடனே பிடிக்கவேண்டும், நீளக்கூடாது.

அந்த சிடி பிறகு இன்னொரு சிடியானது, அது கசெட்டானது, சில வருடம் கழித்து எம்பி3 ஆகிப் பென் டிரைவில் ஏறியது. ஒவ்வொரு கைமாற்றத்திலும் ஏதோ ஒன்று உதிர்ந்தது. பாட்டுப் பெயர்கள் போயின. ஒரு குழுவின் பாட்டு இன்னொரு குழுவின் பெயரில் சுற்றியது. நாங்கள் பாட்டுகளை "கத்துற பாட்டு", "பியானோப் பாட்டு", "மூண்டாவது" என்றுதான் அழைத்தோம். இவர்கள் யார், எந்த ஊர், எத்தனை பேர், ஒருவருக்கும் தெரியாது. அல்பம் என்பது ஒரு வரிசை, இந்தப் பாட்டுக்குப் பிறகு இதுதான் வரவேண்டும் என்று ஒருவர் தீர்மானித்து வைத்தது என்ற எண்ணமே எங்களிடம் இருக்கவில்லை.

அப்படியும் ஏன் அது எங்களைப் பிடித்துக்கொண்டது? ஆங்கிலம் அரைகுறை. சொல் விளங்காவிட்டாலும் அந்தக் குரலில் இருந்தது விளங்கியது. ஒருவன் முதலில் மெதுவாக, ஏறத்தாழ பேச்சுப்போலச் சொல்லிக்கொண்டு வருகிறான். பிறகு தாங்காமல் கத்துகிறான். திருகோணமலையில் வளர்ந்த பிள்ளைக்கு அந்த ஒழுங்கை யாரும் விளக்கத் தேவையில்லை. செக் பொயின்ரில் தலையைக் குனிந்து அடையாள அட்டையை நீட்டிவிட்டு, ஒரு சொல்லும் சொல்லாமல் சைக்கிளை உருட்டிக்கொண்டு கடந்து, வீட்டுக்கு வந்து கதவைச் சாத்துகிற பையன் அவன். எதைப் பற்றிக் கோபம் என்று பாட்டில் சொல்லப்படவில்லை. அது எங்களுக்கு வசதியாக இருந்தது. எங்கள் கோபத்துக்கும் அப்போது வாயால் சொல்லக்கூடிய பெயர் இருக்கவில்லை.

இதிலே மிக முக்கியமான ஒன்று இருக்கிறது. இந்த இசையை நாங்கள் சத்தமாகக் கேட்டதே இல்லை. முதல் இரண்டு மூன்று வருடம் கொஞ்சம் கேட்டோம், அதுவும் அம்மா "குறைச்சுப் போடடா" என்று சொல்லும்வரை. அப்புறம் 2006. அந்த வருடம் ஜனவரி 2ஆம் திகதி மாலை, கடற்கரையில் காந்தி சிலைக்குப் பக்கத்தில் ஐந்து மாணவர்கள் கொல்லப்பட்டார்கள். ஏறத்தாழ என் வயதுக்காரர்கள். மாலையில் நாங்களும் போய் உட்காருகிற இடம் அது. ஏப்ரலில் சந்தையில் குண்டு வெடித்தது. அதற்குப் பிறகு இருட்டினால் வீடுகளில் ஒரு சத்தமும் இருக்காது. நான் ஹெட்ஃபோனை ஒரு காதில் மட்டும் போட்டுக்கொள்வேன். மற்றக் காது தெருவுக்கு. நாய் குரைத்தால், வாகனம் ஒன்று வேகத்தைக் குறைத்தால் தெரியவேண்டும். ஸ்டீரியோவில் இடப்பக்கம் ஒரு கிற்றார், வலப்பக்கம் ஒரு கிற்றார் என்று பிரித்து அமைத்த இசையில் பாதியைத்தான் நான் வருடக் கணக்காகக் கேட்டேன்.

அட்டையில் ஒரு ஆமிக்காரன்

மாமா மகன் அந்தப் படத்தை அனுப்பிய சில மாதத்தில் ஊருக்கு வந்தான். வரும்போது எனக்கென்று ஹைபிரிட் தியரி தட்டு ஒன்று கொண்டுவந்தான். சூட்கேசில் உடுப்புகளுக்கு நடுவில் வைத்துப் பத்திரமாகக் கொண்டுவந்திருந்தான். கையில் வாங்கினபோதுதான் அதன் அட்டையை நான் முழு அளவில் பார்க்கிறேன். இன்டர்நெட்டில் தபால்தலை அளவில் எத்தனையோ தடவை கண்ணில் பட்டிருக்கிறது. ஒரு அடி அகலத்தில் பார்க்கும்போது அது வேறு படம். ஒரு படைவீரன் கொடி ஒன்றைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான், முதுகில் தும்பியின் செட்டைகள். குழுவில் ராப் பாடுகிற மைக் ஷினோடா வரைந்தது. முரட்டுத்தனமும் மென்மையும் ஒரே உடம்பில் இருப்பதைக் காட்டுகிற படம் என்று அவர்கள் சொல்லியிருக்கிறார்கள்.

நான் அதை முன் அறையில் மேசைமேல் வைத்திருந்தேன். அம்மா வந்து பார்த்தார். கொஞ்ச நேரம் நின்றார். "ஆமிக்காரன்ர படம் என்னத்துக்கு வீட்டில?" என்று கேட்டார். கோபம் இல்லை, உண்மையான கேள்வி. நான் செட்டைகளைக் காட்டினேன். "செட்டை இருந்தாலும் ஆமிக்காரன்தானே" என்றுவிட்டுக் குசினிக்குப் போனார். தட்டை எடுத்து அலுமாரிக்குள் வைத்தேன். இதை மாமா மகனிடம் சொன்னபோது அவனுக்குச் சிரிப்பு வரவில்லை. தன் அறைச் சுவரில் பதினாறு வயதில் அந்தப் படத்தையே பெரிய போஸ்டராக ஒட்டி வைத்திருந்ததாகவும், அதை ஒருநாளும் ஒரு சிப்பாயாக நினைத்ததில்லை என்றும் சொன்னான். அவனுக்கு அது செட்டை. அம்மாவுக்கு அது துவக்குப் பிடிக்கிற கை, கையில் கொடி இருந்தாலும். 2006இல் அந்தப் படத்தை நான் என் அறைச் சுவரில் ஒட்டியிருக்க முடியுமா? தெருவில் வருகிறவர்களுக்கும் பயம், வீட்டில் இருக்கிறவர்களுக்கும் பயம். பிரதி அடித்த சிடியில் அட்டை இல்லாமல் வந்தது ஒருவகையில் எங்களுக்கு நல்லதாகத்தான் போயிருக்கிறது.

தட்டு வந்துவிட்டது, போட்டுக் கேட்க எதுவும் இல்லை. திருகோணமலையில் பாலையூற்றுப் பக்கம் ஒரு ஐயா இருக்கிறார். எழுபதுகளில், எண்பதுகளின் தொடக்கத்தில் கோயில் திருவிழா, கலியாண வீடு, சாமத்திய வீடு எல்லாவற்றுக்கும் ஸ்பீக்கர் கட்டினவர். அவரிடம் இருந்த தட்டுகளில் பாதிக்கு மேல் 90ஆம் ஆண்டு இடம்பெயர்வில் போய்விட்டன. மிச்சம் ஒரு இரும்புப் பெட்டியில் இருக்கிறது. இப்போது அம்ப் திருத்துவார், மின்விசிறி திருத்துவார். அவரிடம் பழைய கராட் ரெக்கோட் பிளேயர் ஒன்று தூசு படிந்து கிடந்தது. மோட்டரில் இருந்து தட்டைச் சுழற்றுகிற ரப்பர்ச் சக்கரம் இறுகிப்போயிருந்ததை அவரே தேய்த்துச் சீராக்கினார். என் தட்டைக் கையில் வாங்கி, விளிம்பை மட்டும் உள்ளங்கைகளால் பிடித்து, வெளிச்சத்துக்குச் சாய்த்துக் கோடுகளைப் பார்த்தார். "பாஸ் கனக்கப் போட்டிருக்கிறாங்கள். ஊசி துள்ளப் பார்க்கும்" என்றார், ஒரு சத்தமும் கேட்காமலே. கோடுகளுக்கு இடையில் இருக்கிற இடைவெளியைப் பார்த்தே சொன்னார்.

அது எனக்குப் புதிய உலகம். பாஸ், அதாவது தாழ்ந்த சத்தம், கூடக்கூடக் கோடு அகலமாக ஆடும், அதற்கு இடம் வேண்டும், இடம் போனால் நேரம் குறையும். ஒரு பக்கத்தில் இருபது, இருபத்திரண்டு நிமிடத்துக்கு மேல் வெட்டினால் சத்தத்தைக் குறைத்துத்தான் ஆகவேண்டும். ஹைபிரிட் தியரி மொத்தமே முப்பத்தெட்டு நிமிடத்துக்குள் என்பதால் ஒரே தட்டில் ஒழுங்காக அடங்குகிறது. கோர்னின் முதல் அல்பம் ஒரு மணிநேரத்துக்கு மேல். சிடியில் இடம் இருந்ததால் அப்படி நீட்டினார்கள், தட்டுக்கு வரும்போது இரண்டாகப் பிரிக்கவேண்டி வந்தது. கோர்ன் ஏழு தந்திக் கிற்றாரை ஏ சுரம்வரை கீழே இறக்கி வாசித்தவர்கள். வழமையான கிற்றாரின் அடித்தந்தி நொடிக்கு 82 அதிர்வு, அவர்களுடையது 55. ஊசிக்கு அது சின்ன வேலை இல்லை. இதனால்தான் வெட்டும்போதே பாஸைக் குறைத்து வெட்டி, அம்ப்பில் திரும்பக் கூட்டுகிறார்கள். அந்தத் தாழ்ந்த சத்தங்களை இரண்டு பக்கமும் பிரிக்காமல் நடுவில் ஒன்றாக வைக்கிறார்கள், இல்லாவிட்டால் ஊசி மேலும் கீழும் எகிறும். ஊசி துள்ளினால் திருவிழாக்களில் ஊசித் தலைக்கு மேல் ஒரு ரூபாய்க் குத்தி வைப்பார்களாம். என் தட்டுக்கு வைக்க அவர் சம்மதிக்கவில்லை. "காசு வைச்சா தட்டு தேயும் தம்பி. புதுத் தட்டுக்கு உந்தப் பாவம் செய்யக்கூடாது." ஊசியைத் தாங்குகிற புயத்தின் பாரத்தை மட்டும் மெல்ல மாற்றி மாற்றிப் பார்த்தார்.

அவர் கையை நீட்டினார்

அது ஒரு ஞாயிறு பின்னேரம். அவருடைய பட்டறையில் நான், பிரதி அடித்த அந்த நண்பன், ஐயாவின் பேரன். பேரனுக்குப் பதினேழு வயது. பெரிய பொக்ஸ் இரண்டு. நான் "குறைச்சுப் போடுங்கோ ஐயா" என்று சொல்ல வாயெடுத்தேன், பழக்கம். அவர் கேட்கவில்லை, கோயில் வீதிக்குக் கட்டினவருக்கு அறைக்குள் வைக்கிற அளவு தெரியாது. முதல் கிற்றார் வந்தபோது கதவில் தொங்கிய பூட்டு அதிர்ந்தது. என் நண்பன் என்னைப் பார்த்தான், நான் அவனைப் பார்க்கவில்லை. இருபது வருடத்துக்கு மேலாக அறிந்த பாட்டு முதல் தடவையாக என் நெஞ்சில் வந்து இடித்தது. பியானோப் பாட்டு வந்ததும் பேரன் "இது எனக்குத் தெரியும்" என்று போனில் பார்த்த சின்ன வீடியோக்களைச் சொன்னான். ஐயா முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. ஊசியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்புறம் எனக்குத் தெரியாத ஒன்று வந்தது. குரலே இல்லாத பாட்டு. அல்பத்தில் பதினோராவது, கியூர் ஃபோர் த இட்ச் என்று பெயர், இரண்டரை நிமிடத்துக்குக் கொஞ்சம் மேல். குழுவில் தட்டு வாசிக்கிற டிஜே ஜோ ஹான் செய்தது. எங்கள் சிடியில் அது இருக்கவில்லை. குரல் இல்லாததால் ரெக்கோடிங் பார் அண்ணன் விட்டுவிட்டிருக்கிறார், அவருடைய அளவுகோல்படி சரிதான். தட்டில் அது உட்பக்கம், நடுவில் ஒட்டியிருக்கிற பேப்பரை நெருங்கிய இடத்தில் கிடக்கிறது. தாளம் ஒன்று நடக்க, அதன்மேல் கீறுகிற சத்தம், "விக்கு விக்கு" என்று முன்னும் பின்னும். அந்தச் சத்தம் வந்த கணம் ஐயா கதிரையில் இருந்து எழும்பிக் கையை நீட்டி ஊசிப் புயத்தைப் பிடிக்கப் போனார். தட்டு எங்கேயோ மாட்டிக்கொண்டது, யாரோ தட்டில் கை வைத்துவிட்டார்கள் என்று நினைத்துவிட்டார். கை பாதி வழியில் நின்றது. புயம் அசையாமல் இருக்கிறது, தட்டு ஒழுங்காகச் சுற்றுகிறது. சத்தம் மட்டும் வருகிறது. அவர் குனிந்து காதைக் கிட்டக் கொண்டுபோய்க் கேட்டார். "உது ரெக்கோட் சத்தம்" என்றார். "ஆரோ தட்டைக் கையால இழுத்து இழுத்து விடுறான். நாங்கள் செய்யிறதடா உது."

பாட்டு முடிந்ததும் திரும்பப் போடச் சொன்னார். பாட்டுக்கு முன்னால் இருக்கிற வெற்றுக் கோட்டில் ஊசியைச் சரியாக அவரே வைத்தார். பிறகுதான் விளக்கினார். கலியாண வீட்டில் தாலி கட்டுகிற நேரம் மேளப் பாட்டு பிசகாமல் தொடங்கவேண்டும். தட்டு ஓடித் தொடங்கி வேகம் எடுக்கும்வரை காத்திருக்க ஏலாது. அதனால் கீழே சக்கரம் சுற்றிக்கொண்டிருக்க, மேலே தட்டை மட்டும் விரலால் பிடித்துவைப்பார்கள். பாட்டுத் தொடங்குகிற இடத்தைக் கொஞ்சம் முன்னும் பின்னும் இழுத்துத் தேடுவார்கள். ஐயர் கண் காட்டினதும் விரலை எடுத்தால் பாட்டு அதே கணத்தில் பாயும். தேடுகிற நேரம் வருகிற அந்த "விக்கு" சத்தம் ஸ்பீக்கரில் போய்விட்டால் பேச்சு விழும், கூலியும் குறையும். நாற்பது வருடத்துக்கு முன்னர் யார் காதிலும் படாமல் மறைக்கப் பழகின சத்தத்தை, ஒருவன் எல்லாருக்கும் கேட்கப் பண்ணி, அதையே வாத்தியமாக வாசித்திருக்கிறான். அவருக்கு அதில் இருந்த சந்தோஷத்தை எனக்கு எழுதத் தெரியவில்லை. "நல்ல கை" என்று இரண்டு மூன்று தடவை சொன்னார்.

நானும் என் நண்பனும் இத்தனை வருடமும் அந்தக் கீறல் சத்தங்களைக் கொம்பியூட்டர் சத்தம் என்றுதான் எண்ணியிருந்தோம். வேறு எப்படி எண்ண? எங்கள் தலைமுறை தட்டு சுற்றுவதையே பார்த்ததில்லை. லிங்கின் பார்க்கில் ஜோ ஹான், லிம்ப் பிஸ்கிட்டில் டிஜே லீதல், ஸ்லிப்நொட்டில் சிட் வில்சன் என்று இந்த இசையின் பெரிய குழுக்களில் தட்டு வாசிக்கவே ஒரு ஆள் இருந்தார் என்பது அன்றைக்கு இரவு தேடிப் படித்தபோதுதான் தெரிந்தது. தட்டைக் கையால் கீறுகிற வித்தை 1970களின் நடுப்பகுதியில் நியூயோர்க் பிரோங்ஸில் பிறந்தது. கிராண்ட் விசர்ட் தியோடர் என்கிற பையன் அறைக்குள் சத்தமாகப் பாட்டுப் போட்டிருக்க, அம்மா வந்து ஏசியிருக்கிறார். அம்மாவின் பேச்சைக் கேட்க ஓடுகிற தட்டைக் கையால் பிடித்தபோது வந்த சத்தம் பிடித்துப்போயிற்று என்று அவரே சொல்லியிருக்கிறார். அங்கேயும் ஒரு அம்மா "குறைச்சுப் போடடா" என்றுதான் சொல்லியிருக்கிறார்.

அந்தப் பின்னேரத்துக்குப் பிறகு இந்தத் தட்டு அலையைப் பற்றி என் கருத்து மாறியது. ஒலித்தரத்துக்காக இல்லை, அதை நேராகச் சொல்லிவிடுகிறேன். தட்டில் சத்தம் உயிரோடு இருக்கிறது, சிடி செத்த சத்தம் என்று சொல்கிறவர்களோடு என்னால் ஒத்துப்போக முடியாது. இந்த அல்பங்கள் சிடிக்கென்றே செய்யப்பட்டவை. அந்தக் காலத்து வழக்கப்படி எல்லாவற்றையும் ஒரே உயரத்துக்கு நெருக்கி, கூர்மையாக, இரும்புபோல. ஊசி அதைக் கொஞ்சம் மழுக்கிவிடுகிறது. அதோடு தட்டின் வெளிவிளிம்பில் நொடிக்கு ஐம்பது சென்ரிமீற்றர் அளவில் ஓடுகிற கோடு, நடுவை நெருங்கும்போது இருபதுக்குச் சற்று மேல்தான் ஓடும். கூர்மையான சத்தங்கள் அங்கே கரகரக்கும். ஜோ ஹானின் பாட்டு கிடப்பது சரியாக அந்த இடத்தில். சுத்தமாகக் கேட்கவேண்டுமென்றால் போனில் நல்ல ஹெட்ஃபோன் போட்டுக் கேளுங்கள், அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

தட்டு எனக்குத் தந்தது வேறு. விட்டுப்போனவற்றைத் தந்தது. யாரோ பொறுக்கித் தந்ததற்குப் பதிலாக, செய்தவர்கள் வைத்த வரிசையில் முழுவதும். ஒரு காதுக்குப் பதிலாக இரண்டு காதும், நெஞ்சும். தனியாக இருட்டில் கேட்பதற்குப் பதிலாக நாலுபேர் உட்கார்ந்த அறையில், கதவு திறந்திருக்க. மாமா மகன் தன் காலத்தைத் திரும்ப வாங்குகிறான், அது அவனுடைய நியாயம். என்னிடம் திரும்ப வாங்க எதுவும் இருக்கவில்லை. எனக்கு இது இப்போதுதான் வந்து சேர்கிறது, இருபது வருடத்துக்கு மேல் பிந்தி. ஆனபடியால் எனக்கு இதில் ஏக்கம் குறைவு, ஆசை அதிகம். பதினேழு வயதுப் பேரனும் நானும் அந்தப் பட்டறையில் ஒரே நாளில் ஹைபிரிட் தியரியைக் கேட்டவர்கள். அமெரிக்காவில் மட்டும் ஒரு கோடிக்கு மேல் போன அல்பத்தின் முழு வடிவம் பாலையூற்றுக்கு அன்றுதான் வந்தது.

விட்டுப்போனவற்றில் எனக்கு மிகவும் வலிக்கிற ஒன்று சிஸ்டம் ஒஃப் எ டவுன். எங்கள் தொகுப்பில் அவர்களுடைய பாட்டு இரண்டு இருந்தன, அதில் ஒன்று வேறு குழுவின் பெயரில். வேகமாக, விசித்திரமாக, நடுவில் கோயில் பாட்டுப்போல ஒரு ராகம் எடுத்துப் பாடுவார்கள். அவ்வளவுதான் எங்களுக்குத் தெரியும். நான்கு பேரும் ஆர்மீனிய வம்சத்தவர்கள் என்பதோ, பாடகர் செர்ஜ் தங்கியன் பெய்ரூட்டில் பிறந்து சின்ன வயதில் லெபனான் போர்க் காலத்தில் குடும்பத்தோடு அமெரிக்கா போனவர் என்பதோ, அவருடைய தாத்தா 1915 ஆர்மீனிய இன அழிப்பில் உயிர் தப்பியவர் என்பதோ எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. அவர்களுடைய 1998 முதல் அல்பத்தின் கடைசிப் பாட்டு அந்த இன அழிப்பைப் பற்றியது, அதை ஒப்புக்கொள் என்று கேட்பது. அந்தப் பாட்டு எங்கள் தொகுப்புக்கு வரவே இல்லை. 2006இல், 2009இல், இப்படிச் சின்ன இனம் ஒன்றின் பிள்ளைகள் தங்கள் கதையை இவ்வளவு சத்தத்தில், வெட்கமில்லாமல், உலகம் முழுக்கக் கத்திச் சொல்கிறார்கள் என்று எனக்குத் தெரிந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? ஒன்றும் ஆகியிருக்காது என்று என் நண்பன் சொல்கிறான். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கோபத்துக்குப் பெயர் வைக்கலாம், வைத்த பிறகும் அது பாட்டாகவே இருக்கலாம் என்று அந்த வயதில் தெரிந்துகொள்வது சின்ன விஷயம் இல்லை.

மாமா மகனிடம் அடுத்த தடவைக்கு அந்த முதல் அல்பத்தைத்தான் கேட்டிருக்கிறேன். நாற்பது நிமிட அளவுதான், ஒரே தட்டில் வரும். கூடவே ஒரு நல்ல ஊசித் தலையும். ஐயாவின் பழைய ஊசி இந்தக் காலத்துத் தட்டுக்குப் பாரம் அதிகம், ஒவ்வொரு முறை போடும்போதும் கொஞ்சம் தின்றுவிடும் என்று அவரே கவலைப்படுகிறார். அதனால் ஹைபிரிட் தியரியை இப்போதைக்கு அடிக்கடி போட விடுகிறார் இல்லை. புது ஊசி வந்ததும் அந்தக் கடைசிப் பாட்டை அவருடைய பெரிய பொக்ஸில், பட்டறைக் கதவைத் திறந்து வைத்துப் போடுவதாகப் பேசி வைத்திருக்கிறோம். பேரன் தன் கூட்டாளிகளைக் கூட்டிக்கொண்டு வரலாமா என்று கேட்டான். ஐயா இன்னும் இரண்டு கதிரை எடுத்துவிடச் சொல்லியிருக்கிறார்.